நனைந்த தோட்டாவைச் சுடலாமா? ஹூஸ்டன் ஈரத்தில் பல வருட அனுபவம்

மழையில் நனைந்த தோட்டாவைத் துடைத்துவிட்டுச் சுடலாம், வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததைச் சுடவே கூடாது. என் பதில் இவ்வளவுதான். ஆனால் இதைச் சொன்னால் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் யாராவது ஒருவர் "நான் பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டே சுட்டிருக்கிறேன், ஒன்றுகூடத் தவறவில்லை" என்று வந்துவிடுவார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம். வார இறுதியில் 9 எம்எம் கைத்துப்பாக்கி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க .22 ரைஃபிள், செப்டம்பரில் புறா வேட்டைக்கு 12 கேஜ் ஷாட்கன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் இந்த ஊரில் காற்றே ஈரம்தான்.

முதலில் லேசாக நனைவது. திறந்தவெளி ரேஞ்சில் திடீர் மழை, சேற்றில் விழுந்த தோட்டா, பையில் வியர்வை பட்டது, இதெல்லாம் 9 எம்எம்முக்கு ஒரு பொருட்டே இல்லை. பித்தளைக் கூட்டின் வாயில் குண்டு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, அடியில் மருந்தைப் பற்றவைக்கிற ப்ரைமரும் அப்படித்தான். சில நிமிட மழை உள்ளே போக வழியில்லை. ராணுவத் தோட்டாக்களில் இந்த இரண்டு இடத்திலும் தனியாகப் பூச்சு வைத்து அடைப்பார்கள், கடையில் வாங்குவதில் செல்லியர் அண்ட் பெல்லட் மாதிரி சிலவற்றில் ப்ரைமரைச் சுற்றிச் சிவப்பு அரக்குத் தெரியும். மண் மட்டும் ஒட்டியிருக்கக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தண்ணீர் புகாத இடுக்கில்கூட அந்த மெல்லிய எண்ணெய் ஊர்ந்து போய் ப்ரைமரைக் கெடுக்கும்.

.22 விஷயத்தில் எனக்கு இவ்வளவு தாராள மனசு கிடையாது. அதில் குண்டு கூட்டுக்குள் லேசாகத்தான் பிடித்திருக்கும், தனி ப்ரைமரும் இல்லை, பற்றவைக்கும் கலவையை விளிம்புக்குள்ளேயே பூசியிருப்பார்கள். நன்றாகக் காய்ந்த பெட்டியிலேயே அவ்வப்போது ஒன்று வெடிக்காமல் போகிற ரகம் அது, மழையில் ஊறிய பெட்டியைப் பிள்ளைகள் கையில் நான் கொடுப்பதில்லை.

ஷாட்கன் தோட்டாவில் பிளாஸ்டிக் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. நட்சத்திரம் போல மடித்த வாயின் நடுவில்தான் தண்ணீர் இறங்கும். வாத்து வேட்டைக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1991-லிருந்து நீர்ப்பறவைகளுக்கு ஈயக் குண்டு கூடாது என்பதால் உள்ளே நிறைந்திருக்கும் சின்னக் குண்டுகள் பெரும்பாலும் எஃகுதான், தண்ணீர் உள்ளே இறங்கி, போன வருஷத்திலிருந்து அப்படியே கிடந்தால் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிதறிப் போக வேண்டியது கட்டியாகப் போகும்.

இப்போது வெள்ளம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது பார்க்கர் அணையின் நீர்த்தேக்கம் நிரம்பி, மேல்பக்கம் இருந்த எங்கள் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. கராஜில் மூன்று விதமாக வைத்திருந்தேன், மூன்றும் மூழ்கின. பழைய ராணுவ இரும்புப் பெட்டி, மூடியில் ரப்பர் கேஸ்கெட் உள்ளது, திறந்தால் உள்ளே பொட்டு ஈரமில்லை. அதில் இருந்த தோட்டாக்களை இப்போதும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சுடுகிறேன். தண்ணீர் தாங்கும் என்று லேபிள் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டியில் கால்வாசிக்குத் தண்ணீர். தெறிப்பைத் தாங்குவது வேறு, மூழ்கினால் தாங்குவது வேறு. அட்டைப்பெட்டிகள் கூழாகிவிட்டன.

அந்த அட்டைப்பெட்டித் தோட்டாக்களைத் துடைத்து வைத்தால் புதுசு மாதிரியே இருந்தன. ரேஞ்சில் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிற பெரியவர் ஒருவர் சிலவற்றைப் பிரித்துக் காட்டினார். சுத்தியல் போன்ற ஒரு கருவியில் மாட்டித் தட்டினால் குண்டு கழன்று வரும். முதல் தோட்டாவில் வெடிமருந்து பொலபொலவென்று கொட்டியது. அதே பெட்டியில் அடுத்து எடுத்ததில் வடிகட்டிய டீத்தூள் மாதிரி ஈரமாக அப்பிக்கொண்டு வெளியே வரவே இல்லை, ப்ரைமரைச் சுற்றிப் பச்சைக் களிம்பு வேறு. வெளியே இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. நாலு சுட்டுப் பார்த்து நல்லா இருந்தால் மீதியும் நல்லது என்கிற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

வெடிக்கவே வெடிக்காத தோட்டா பெரிய ஆபத்தில்லை. துப்பாக்கியை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிஷமாவது பொறுத்து, அப்புறம் வெளியே எடுத்தால் சரி, தாமதமாக வெடிப்பதும் உண்டு என்பதால்தான் அந்தப் பொறுமை. அரைகுறையாக வெடிப்பதுதான் கையை, கண்ணைக் கொண்டுபோவது. ஈர மருந்து பாதி எரிந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், ஸ்க்விப் என்பார்கள். சத்தம் "டப்" என்று மெலிசாகக் கேட்கும், உதைப்பு இருக்காது. வேகமாகச் சுடுகிறவர் அதைக் கவனிக்காமல் அடுத்ததை அழுத்தினால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். சத்தம் மாறினால் அந்த நொடியே நிறுத்துங்கள், துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டா போடாதீர்கள். பதினைந்து இருபது டாலர் பெட்டிக்காக எடுக்கிற ரிஸ்க் இல்லை இது.

அமெரிக்கத் தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐயும், மூழ்கியதைக் காயவைத்தாலும் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. பக்கெட் சோதனைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. தொழிற்சாலையிலேயே ப்ரைமர் கலவையைப் பாதுகாப்புக்காக ஈரமாக வைத்துத்தான் கையாளுகிறார்கள், அதனால் நனைந்த ப்ரைமர் காய்ந்ததும் சில சமயம் உயிர் பெற்றுவிடும். ஆனால் வெள்ளம் குழாய்த் தண்ணீர் இல்லை, சாக்கடையும் உரமும் கலந்தது. அவற்றிலுள்ள அம்மோனியா பித்தளைக்கு ஆகாது. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கூடுகள் தானாகவே விரிசல் விட்டன, குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் தெளிவாயிற்று.

ஓவனில், ஹேர் டிரையரில் காயவைக்கிற யோசனையே வேண்டாம். குப்பையிலும் போடாதீர்கள். உள்ளூர் போலீஸின் அவசரமல்லாத எண்ணுக்கு முதலில் போன் செய்து கேளுங்கள், என்னுடையதை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். சில ரேஞ்சுகளில் வெடிக்காத தோட்டாவுக்குத் தனி டப்பா இருக்கும்.

இப்போது எல்லாமே இரும்புப் பெட்டியில், மேல்தட்டில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு. தோல் பெல்ட்டில் மாட்டி நீண்ட நாள் வைப்பதில்லை, பித்தளையில் களிம்பு ஏறுகிறது. பழைய பெட்டி வாங்கினால் கேஸ்கெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்போ கல் மாதிரி இறுக்கமோ இருந்தால் மாற்றுங்கள், அப்புறம் உள்ளே ஒரு காகிதம் போட்டுப் பாத்டப்பில் அமுக்கி ஒரு ராத்திரி விடுங்கள், காகிதம் காய்ந்திருந்தால் அந்தப் பெட்டியை நம்பலாம்.