சட்டையைக் கழட்டச் சொன்ன டாக்டர்

இந்தத் தடவை ஊருக்குப் போன லீவுல பாதி நாள் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே போச்சு. அக்கா பையனுக்கு ஆறு வயசு, முன்கை எலும்பு ஒடஞ்சு ஒரு வருஷமாகியும் கூடல. முதல்ல காட்டின எடத்துல மாவுக்கட்டு போடறது, பிரிக்கறது, எக்ஸ்ரே, திரும்ப மாவுக்கட்டு, இப்படியே மூணு தடவை. கேட்டா "சத்து பத்தல, கால்சியம் குடுங்க". வயிறு எரிஞ்சுது எனக்கு.

வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டோக்கன், பேரைத் தப்பா கூப்பிடற அட்டெண்டர் எல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா அந்த டாக்டர் எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார், முன்கையில சுண்டுவிரல் பக்கமா இருக்கற அல்னா எலும்புல ஒடஞ்ச ரெண்டு முனையும் பென்சில் சீவின மாதிரி கூரா இருந்துச்சு, உடனே "தம்பி, சட்டையைக் கழட்டு"ன்னார். மேஜையில கெடந்த ஸ்கேலை எடுத்து முதுகு, வயிறு, அக்குள்னு ஒவ்வொரு காபி நிறப் புள்ளியா அளந்து சத்தமா எண்ணினார். ஒன்பது! மச்சம்னுதான் நாங்க நெனச்சிட்டு இருந்தோம். இந்த வயசுல 5 மில்லிமீட்டருக்கு மேல ஆறு இருந்தாலே நியூரோஃபைப்ரோமடோசிஸ்ங்கற மரபணு நோயோன்னு சந்தேகப்படணுமாம், அதுல எலும்பைச் சுத்தியிருக்கற சவ்வே சரியில்லாததால வெறும் கட்டு போட்டா எலும்பு ஒண்ணு சேராதாம். நான் இருக்கற நாட்டுல டாக்டர் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே பேசுவாங்க, இப்படி ஒரு குழந்தை முதுகுல குனிஞ்சு எண்ணினதை நான் பாத்ததில்ல. அக்கா அங்கயே அழுதுட்டா.

அப்புறம் ஓபி சீட்டுப் பின்னாடி படம் போட்டுக் காட்டினார். கெட்ட எலும்பையும் சவ்வையும் வெட்டி எடுத்துட்டு, முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமா இருக்கற ஒல்லியான ஃபிபுலா எலும்புல ஒரு துண்டை அதோட ரத்தக்குழாயோடயே எடுத்து கையில வச்சு, மைக்ரோஸ்கோப்புல பாத்து குழாயைத் தைக்கணும். ரத்த ஓட்டம் இல்லாத எலும்பை வச்சா இந்த நோய்ல பல தடவை கரைஞ்சே போயிடுமாம். அந்த ஃபிபுலாவுல கணுக்கால் பக்கத்துத் துண்டை மட்டும் விட்டுவச்சு, பக்கத்துல இருக்கற பெரிய எலும்போட சேத்து ஸ்க்ரூ போடுவாங்க, இல்லேன்னா வளர வளர பாதம் வெளிப்பக்கமா சாஞ்சுடும்.

லீவை நீட்டிட்டு ஆபரேஷனுக்கும் இருந்தேன். உள்ள வச்ச எலும்பு கண்ணுக்குத் தெரியாதில்ல, அதனால அதோட ஒரு சின்னத் தோல் துண்டையும் சேத்து எடுத்து கையில வெளிய தெரியற மாதிரி தச்சிருந்தாங்க. நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து அதை விரலால அழுத்துவாங்க, வெளுத்து திரும்ப ரத்தம் ஏறணும். ரெண்டு ராத்திரியும் அக்கா தூங்கல, போன் டார்ச்சை அடிச்சு அந்தத் தோலையே பாத்துக்கிட்டு, "பாருடா, செவப்பாத்தான இருக்கு?"ன்னு என்னை எழுப்பி எழுப்பிக் கேட்டா. செவப்பாத்தான் இருந்துச்சு.