கடல் கார்புரேட்டரா, கார் கார்புரேட்டரா: ஹாட் ராட் வி8-க்கு எது பொருந்தும்?

சிங்கப்பூரில் அமெரிக்க வி8 இன்ஜினைப் பார்க்க ஆசைப்பட்டால் சாலையோரம் நிற்பதைவிடப் படகுத்துறைப் பக்கம் போவது மேல். பழைய மெர்குரூசர் 5.7 படகு இன்ஜின் வேறொன்றுமில்லை, செவ்ரலே 350 ஸ்மால் பிளாக்தான். படகை உடைக்கும்போது இன்ஜின், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்ட் எல்லாம் ஒரே கட்டாகக் கைக்கு வரும். நானும் அத்தானும் ஜோகூரில் கட்டிக்கொண்டிருக்கும் ஹாட் ராடுக்கும் (வலுவான இன்ஜின் ஏற்றிய பழைய பாணி கார்) அப்படித்தான் ஒன்று அமைந்தது. சிங்கப்பூரில் பதிவான காரில் இன்ஜினை மாற்ற எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வேண்டும் என்பதால் அந்த வழிக்கே நாங்கள் போகவில்லை. வண்டி அத்தானுடையது. பதிவு வேலை முடியும்வரை தோட்டத்துச் செம்மண் பாதையில்தான் ஓட்டம்.

இன்ஜின் மேல் வந்ததையே வைத்துக்கொள்வதா, காருக்கென்றே செய்த கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் வரவழைப்பதா? கார்புரேட்டர் படகுடையதே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். மேனிஃபோல்ட் விஷயம் வேறு.

அளவில் இரண்டுக்கும் சண்டையே இல்லை. 350 கன அங்குலத்தை 5,500 ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456 ஆல் வகுத்தால் 557 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை கன அடி காற்று. சிலிண்டர் முழுக்க நிரம்பினால்தான் அவ்வளவு காற்றும் தேவைப்படும். எங்களிடம் வந்த ஹாலி 4160 மரைன் (ஹாலி நிறுவனத்தின் படகு வகை கார்புரேட்டர்) 600 சிஎஃப்எம். கார் வகையிலும் இதே 600 கிடைக்கும்.

வேறுபாடு பெட்ரோல் எங்கே கசிகிறது என்பதில் இருக்கிறது. படகில் இன்ஜின் ஒரு மூடிய குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அங்கே தேங்கும் பெட்ரோல் ஆவி எளிதில் வெளியேறாது. அதனால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் நிரம்பியதும் மூட வேண்டிய ஃப்ளோட் வால்வு திறந்தபடி இருந்தாலும் கார்புரேட்டரிலிருந்து 30 விநாடியில் 5 சிசிக்கு மேல் வெளியே கசியக் கூடாது என்பது அமெரிக்க விதி. ஃப்ளோட் கிண்ணத்தின் காற்றுக் குழாய்களைப் பாருங்கள்: கார் ஹாலியில் நேராக நிற்கும், மரைனில் குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து கார்புரேட்டரின் காற்றுத் துளைக்குள், அதாவது தொண்டைக்குள், குனிந்திருக்கும். கிண்ணம் வழிந்தால் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டின் மேல் கொட்டாமல் உள்ளேயே போய்விடும். காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஷாஃப்டிலும் காடி வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் ஓரமாக வெளியேறப் பார்க்கும் பெட்ரோலை அது உள்ளே திருப்பிவிடும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். ஹாட் ராட் தினமும் ஓடும் வண்டியல்ல. வாரக்கணக்கில் நிற்கும். நம் ஊர் ஈரக்காற்றில் நின்ற கார்புரேட்டரில் என்ன நடக்கும்? கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி அடியில் பிசின் படியும், ஃப்ளோட் வால்வின் ஊசி ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை பம்ப் தள்ளியதும் வால்வு மூடாமல் கிண்ணம் வழியும். நிறுத்திவைத்த கார்புரேட்டர் வண்டியில் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய கோளாறு இது. கார் வகையில் வழிந்தது பக்கவாட்டில் இறங்கிச் சூட்டின் மேல் நிற்கும். மரைனில் தொண்டைக்குள் போகும். அதனால் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிளக் நனைந்து ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், பெட்ரோல் சிலிண்டர் வழியே ஆயிலில் கலக்கும். நீண்ட நாள் நின்ற பிறகு டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்காமல் நான் சாவியைத் திருப்புவதில்லை. ஆயிலை மாற்றுவது செலவு, அவ்வளவுதான். தீப்பிடித்தால் வண்டியே போச்சு.

இன்னொன்று ஆள். நம் கார் வொர்க்‌ஷாப் தம்பிகள் இன்ஜெக்‌ஷனில் பழகியவர்கள். ஹாலியைப் பிரித்து மாட்டத் தெரிந்த கையை நான் படகு மெக்கானிக்குகளிடம்தான் கண்டேன்.

காருக்கு மாற்றும் வேலை பெரிதல்ல, ஆனால் ஒன்றையும் விடக் கூடாது. படகில் ஏர் ஃபில்டருக்குப் பதில் ஃப்ளேம் அரெஸ்டர் இருக்கும். அது தீயைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது. செம்மண் பாதையில் அதோடு ஓட்டினால் பிஸ்டன் ரிங் தாங்காது. கழுத்து அளவு 5 1/8 அங்குலம்தான் என்பதால் வழக்கமான ஏர் கிளீனர் அப்படியே உட்காரும். வளைந்த குழாய்கள் மூடியில் இடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். படகு த்ராட்டில் வைத்த இடத்தில் நிற்கும், காருடையது காலை எடுத்ததும் மூடியாக வேண்டும். ஆகவே ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு போடுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது காப்பாற்றும். டிஸ்ட்ரிபியூட்டருக்கான (பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் கருவி) வேக்குவம் முனை மரைன் கார்புரேட்டரில் பெரும்பாலும் இருக்காது, படகுக்கு அது தேவையில்லை. மேனிஃபோல்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) விஷயத்தில் பொறுமை வேண்டும். படகு எந்நேரமும் மேடேறும் லாரியைப் போல் பாரம் இழுக்கும், அதற்கேற்பப் பெட்ரோல் அளவு வைத்திருப்பார்கள். சாலையில் பாதி நேரம் காலை லேசாக வைத்தே ஓட்டுகிறோம். பிளக் நிறத்தைப் பார்த்து முன்பக்க ஜெட்டை ஒவ்வொரு அளவாகக் குறைத்தோம். பவர் வால்வுக்கு (பாரம் ஏறும்போது கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) இன்ஜின் சும்மா ஓடும்போதுள்ள வேக்குவத்தில் பாதி என்பது பழைய கணக்கு: கேஜில் 13 அங்குலம் காட்டினால் 6.5. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டினால் பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எங்கள் வண்டி இன்னும் ஓடவில்லை. வேகத்தில் வந்து சட்டென்று பிரேக் மிதித்தால் ஒரு நொடி திணறுகிறது. அந்த வளைந்த குழாய் வழியே பெட்ரோல் சிந்துவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஃப்ளோட் மட்டத்தைச் சற்று இறக்கியதும் குறைந்தது.

இனி மேனிஃபோல்ட். விலை கேட்பதற்கு முன் எந்தத் தண்ணீரில் ஓடியது என்று கேளுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து, கடல்நீர் உள்ளே வராமல் கூலன்ட் மட்டும் சுற்றிய இன்ஜினென்றால் தாராளமாக வாங்கலாம். கடல்நீரே நேராக ஓடியதென்றால் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டிப் பாருங்கள். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து அடியில் குழி தெரிந்தால் கேஸ்கெட் அங்கே பிடிக்காது, கூலன்ட் ஆயிலில் இறங்கும். எங்களுடையது அப்படித்தான் உதிர்ந்தது. “தம்பி, இதுக்கு வெல்டிங் வச்சாலும் நிக்காது, தூக்கிப் போடு” என்றார் படகு மெக்கானிக் அண்ணன். புதிதாக டூயல் பிளேன் மேனிஃபோல்ட் வாங்கினோம். 1996 முதல் வந்த வோர்டெக் சிலிண்டர் ஹெட் என்றால் மேனிஃபோல்டைப் பிடிக்க 8 போல்ட், அதற்கு முந்தையது 12. ஒன்றுக்கொன்று மாறாது. கடல்நீர் இன்ஜினில் உப்பு படியாமல் இருக்க 60 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டிருப்பார்கள், காருக்கு 82 டிகிரிக்கு மாற்றிவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வைப்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. கியரை இறக்கச் சொல்லும் கிக்டவுன் கேபிளைப் பிடிக்கும் நெம்புகோல் மரைன் கார்புரேட்டரில் இருக்காது. அதைச் செய்து மாட்டி அளவு சரிபார்க்கும் பாட்டுக்குக் கார் வகையையே வாங்கிவிடுங்கள். எங்கள் வண்டி நான்கு கியர் மேனுவல், அதனால் அந்தத் தலைவலி வரவில்லை.