டீசல் பைப்பில் காற்று எடுக்கும் பழைய ஜீப்: நாலு வருட அனுபவம்

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையிலிருந்து கீழே வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு மூட்டைகளை இறக்குவது என் பழைய டீசல் ஜீப்தான். நாலு வருடத்துக்கு முன் அதற்கு ஒரு வியாதி வந்தது. காலையில் முதல் செல்ஃபிலேயே பிடிக்கும், பத்து விநாடி ஓடும், அணைந்துவிடும். அப்புறம் டீசலைக் கையால் ஏற்றும் கை பம்பை முப்பது தடவை அடித்தால்தான் உயிர் வரும். மலைக்குளிர் என்றார்கள். ஒரு பட்டறையில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் வரை கழற்றி மாட்டினார்கள், மறுநாளே பழையபடி.

துப்பு கொடுத்தது எங்கள் வாசல் சரிவு. மேட்டைப் பார்த்து நிறுத்திய இரவுகளில் மட்டும்தான் இந்தத் தொல்லை. பள்ளம் பார்த்து நின்றால் ஒன்றுமில்லை. என் வண்டியில் டேங்க் பின்பக்கம். மேடு பார்த்து நின்றால் டேங்க் தாழ்ந்துவிடும்; எங்காவது காற்று நுழைய வழியிருந்தால் பைப்பில் நிற்கும் டீசல் விடிவதற்குள் டேங்குக்கே இறங்கிவிடும். குளிர்தான் காரணம் என்றால் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றால் என்ன?

டேங்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்சின் பக்கம் தள்ளுவது ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து அது வரை உறிஞ்சும் பக்கம். அங்கே வெடிப்பு இருந்தால் ஓடும்போது டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் தரையில் ஈரம் தேடிப் பயனில்லை. உள்ளே தெரிகிற ஹோஸ் ஒரு அடி வாங்கி ஃபீட் பம்புக்கு முன்னால் மாட்டினேன். அரிசிமணி அளவு குமிழ்கள் வரிசையாக ஓடின. ரேஸ் கொடுத்தால் நுரையே வந்தது. டேங்கை விட்டுவிட்டு ஒரு கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்தேன். குமிழ் நின்றது. சரி, பம்பில் குறையில்லை, கோளாறு டேங்க் பக்கம்தான். சேஸிஸ் ஓரத்து ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தபோது கிளிப்புக்கு அடியில் தலைமுடி போல ஒரு வெடிப்பு. அந்தத் துண்டை மாற்றி, ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழில்லாமல் டீசல் வரும்வரை கை பம்ப் அடித்து முறுக்கினேன்.

இரண்டாம் வருடம் மறுபடி அதே தொல்லை. இந்த முறை ஃபீட் பம்புக்கு முன்னால் குமிழில்லை, பின்னால் இருந்தது. ஃபீட் பம்ப் மேலேயே இருக்கும் கை பம்பின் சீல் தேய்ந்திருந்தது.

சோதிக்க மாட்டிய, உள்ளே தெரிகிற அந்த ஹோஸை நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், டீசல் பட்டு மஞ்சளாகி, விறைத்து, கிளிப் இடத்தில் அதுவே காற்று எடுக்க ஆரம்பித்தது. இப்போது டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன். பைப் இணைப்புகளில் இருக்கும் காப்பர் வாஷரையும் கழற்றும்போதெல்லாம் புதிதாகப் போடுகிறேன்.

சந்தைக்கு முந்தின இரவு வேண்டுமென்றே மேடு பார்த்து நிறுத்துவேன். காலையில் அணையாமல் ஓடினால் மூட்டை ஏற்றலாம்.