1837 என்று பொறித்த விக்டோரியா "ஷில்லிங்" விற்பனைக்கு வந்தால் வாங்காதீர்கள்

"விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய முதல் ஆண்டின் வெள்ளி ஷில்லிங், மிக அரிது" என்று சொல்லி ஒரு வணிகர் என் மாமாவிடம் விற்ற பொருள் நாணயமே அல்ல. அது 1897இல் வெளியிடப்பட்ட நினைவுப் பதக்கம். அதே வணிகர் அதே படத்தைப் போட்டு இன்னும் ஆள் பிடித்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

விற்பனைப் படத்தில் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. இளவயது விக்டோரியாவின் தலை, ஓர் ஆலிவ் கிளை, 1837 என்ற ஆண்டு. மறுபக்கத்தையும் காட்டும்படி மாமா கேட்டதற்கு, "உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டேன் ஐயா, பிரித்தால் மதிப்புக் குறைந்துவிடும்" என்று பதில் வந்தது. வந்து சேர்ந்த பிளாஸ்டிக் உறையின் பின்பக்கம் முழுவதையும் அந்த வணிகரே அச்சடித்த "அசல் சான்றிதழ்" ஸ்டிக்கர் மூடியிருந்தது. மாமாவிடமிருந்து அதை வாங்கிய நான் முதலில் செய்த வேலை, அந்த ஸ்டிக்கரை உரித்ததுதான். உள்ளே முக்காடிட்ட முதிய விக்டோரியா இருந்தார். சுற்றிலும் லத்தீன் வாசகம். அதன் முடிவில் ரோமானிய எண்களில் 1897, ஜூன் 20.

அந்தத் தேதியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. மன்னர் நான்காம் வில்லியம் இறந்து விக்டோரியா அரசியானது 1837 ஜூன் 20 அன்று. அறுபது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடிய வைர விழாவுக்காக இந்தப் பதக்கம் அடிக்கப்பட்டது. இரண்டு அளவுகளில் வந்தது: பெரியதன் விட்டம் சுமார் 56 மில்லிமீட்டர், சிறியதன் விட்டம் சுமார் 26. சிறியதைத்தான் நாணயம் என்று விற்கிறார்கள். இளைய முகம் வில்லியம் வயன் வடித்தது, முதிய முகம் தாமஸ் பிராக் வடித்தது. இருவரும் வடித்த முகங்கள் புழக்க நாணயங்களிலும் வந்தவை என்பதால் பார்த்த முகமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் விக்டோரியாவின் தலை பொறித்த பிரிட்டிஷ் புழக்க நாணயங்கள் 1838 முதல்தான் தொடங்குகின்றன. 1837ஆம் ஆண்டு நாணயங்களில் இருப்பது மன்னர் நான்காம் வில்லியமின் தலை.

எழுத்துகளையும் படித்துப் பாருங்கள். நாணயத்தில் ஆள்பவரின் பெயரும் பட்டங்களும் இருக்கும். இந்தப் பதக்கத்தின் 1837 பக்கத்தில் பட்டம் எதுவும் இல்லை. பைபிளின் நீதிமொழிகளிலிருந்து எடுத்த வாழ்த்துதான் இருக்கிறது: வலக்கையில் நீண்ட ஆயுள், இடக்கையில் புகழ். பணமாகப் புழங்க வேண்டிய உலோகத்தில் இப்படி வாழ்த்துப் பாடுவது வழக்கமில்லை.

"முகமதிப்பு இல்லையென்றால் அது பதக்கம்தான்" என்று பலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பிரிட்டனின் தங்க சாவரின், 1780 என்ற ஆண்டைத் தாங்கிப் பிற்காலத்திலும் அடிக்கப்பட்டுவந்த மரியா தெரசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளி நாணயம் ஆகியவற்றிலும் மதிப்பு எழுதப்பட்டிருப்பதில்லை. அவை நாணயங்களே. எனவே தராசை எடுங்கள். விக்டோரியா காலத்து ஷில்லிங்கின் எடை சுமார் 5.65 கிராம். மாமாவின் பொருளோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. சான்றிதழில் எடைக்கென்று விட்டிருந்த கட்டம் காலியாக இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் அந்த ஸ்டிக்கர் மறைத்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, முதிய முகத்தின் பக்கம் விளிம்பை ஒட்டி எதிரெதிரே இரண்டு சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தன. அவற்றின்மேல் அரம் ஓடிய மெல்லிய கோடுகள். ஊசி பற்றவைத்து யாரோ ஆடையில் குத்தும் அணியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்; பிறகு ஊசியைக் கழற்றித் தேய்த்து, மொத்தத்தையும் பளபளவென்று மெருகேற்றியிருக்கிறார்கள். நூற்றாண்டைத் தாண்டிய வெள்ளியில் தானாகப் படியும் கருமையைச் சேகரிப்பாளர்கள் மதிக்கிறார்கள். இதில் அது துளிகூட மிஞ்சவில்லை.

தொலைபேசியில் கேட்டபோது வணிகர் சொன்னது: "வெள்ளி வெள்ளிதானே ஐயா? பழையது பழையதுதானே? உங்களுக்கு என்ன நஷ்டம்?" திருப்பி அனுப்புகிறோம் என்றதும், ஸ்டிக்கரை உரித்துவிட்டதால் வாங்க முடியாது என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். பொய்யை மறைக்க ஒட்டிய தாளையே பணம் தராமலிருக்கக் காரணமாக்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வைர விழாப் பதக்கம் அழகான பொருள். ஏராளமாக வெளியிடப்பட்டதால் தேடினால் கிடைக்கும். பதக்கம் என்று சொல்லியே நேர்மையாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெயரிலேயே கொடுத்திருந்தால் மாமா மகிழ்ந்து வாங்கியிருப்பார்.

உறை, ஸ்டிக்கர், எடை, விளம்பரப் படம் எல்லாவற்றையும் இணைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் உங்களுக்கு அந்த விளம்பரம் வந்தால், இரண்டு பக்கங்களின் படம், விளிம்பின் படம், கிராம் கணக்கில் எடை, இவை நான்கையும் எழுத்தில் கேளுங்கள். "முத்திரை வைத்துவிட்டேன்" என்று பதில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.