சர்வரை மறுபடி நிறுவும்போது நாஸில் உள்ள டேட்டா: எந்த வழி பாதுகாப்பு?

கிருஷ்ணகிரியில் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு மாங்கூழ் ஆலையில் இருப்பது ஒரே ஒரு சர்வர். ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் அதில் இருக்கிறது. எடைமேடை, டேலி, வருகைப்பதிவு எல்லாம் அதில் தனித்தனி விஎம்களாக ஓடுகின்றன. அவற்றின் டிஸ்க்குகள் நெட்வொர்க்கில் உள்ள நாஸில், அதாவது தனிச் சேமிப்புப் பெட்டியில், இருக்கின்றன. பிராக்ஸ்மாக்ஸ் பதிப்பு 8-க்கான ஆதரவு 2026 ஆகஸ்டோடு முடிகிறது. பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசை கட்டும் சீசனில் எடைமேடை நின்றால், காய் கொண்டுவந்தவர்தான் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். அதற்கு முன்பே 9-க்கு மாறிவிட வேண்டும். எப்படி மாறுவது?

இருக்கிற சிஸ்டத்தையே அப்கிரேடு செய்வது ஒரு வழி. பிவிஇ8டு9 (pve8to9) என்ற சோதனை ஸ்கிரிப்ட் கூடவே வருகிறது. குறை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் அடியில் இருக்கும் டெபியன் லினக்ஸும் 12-லிருந்து 13-க்கு மாறுகிறது. பாதியில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. பல வருடம் கைவைத்துக் கைவைத்து மாற்றிய சர்வருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, அழித்து நிறுவி, ரீஸ்டோர் செய்வது இன்னொன்று. விஎம்மின் அமைப்பும் பேக்கப்புக்குள்ளேயே வந்துவிடுவதால் மனசுக்கு நிம்மதி. நேரம்தான் பிரச்சினை. 1 ஜிகாபிட் லைனில் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி போகும். 2 டிபி ரீஸ்டோர் ஆக ஐந்து மணி நேரம். பேக்கப்பையும் அதே நாஸில் வைத்திருந்தால் இன்னும் இழுக்கும், நாஸே போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழி: பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் நிறுவி, நாஸ் டிஸ்க்குகளை அப்படியே இணைப்பது. ஏதாவது சரிவரவில்லை என்றால் பழையதைத் திரும்ப மாட்டி ஆன் செய்தால் போதும். பேக்கப் கையில் இருக்கட்டும், ஆனால் அதைத் தொடும் தேவை பெரும்பாலும் வராது.

இதில் கவனிக்க வேண்டியது நாஸை அல்ல, சர்வரில் இருக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை. இதே வேலையைச் செய்யும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐயில் விஎம்மின் அமைப்புக் கோப்பு பொதுவாக டிஸ்க்கோடு ஒரே ஃபோல்டரில் இருக்கும். திரும்பப் பதிவு செய்தால் வேலை முடிந்தது. பிராக்ஸ்மாக்ஸில் அது இடிசி பிவிஇ (/etc/pve) ஃபோல்டரில், அதாவது சர்வரின் சொந்த டிஸ்க்கில். அதுவும் உண்மையான ஃபோல்டர் இல்லை, ஒரு டேட்டாபேஸ் கோப்பிலிருந்து சிஸ்டம் ஓடும்போது மட்டும் தெரியும் தோற்றம். கழற்றிய எஸ்எஸ்டியை வேறு கணினியில் திறந்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். ஆகவே சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபோல்டரையும் நெட்வொர்க் அமைப்பையும் பென்டிரைவில் நகலெடுங்கள்.

நிறுவும்போது நாஸ் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் பழைய ஐபியையே கொடுங்கள். நாஸ் என்எஃப்எஸ் முறையில் (ஃபோல்டராக) பகிரப்பட்டிருந்தால் அனுமதி பெரும்பாலும் ஐபியை வைத்துத்தான் தரப்பட்டிருக்கும். ஐஸ்கஸி முறை (டிஸ்க்காகவே பகிர்வது) என்றால், சர்வர் நாஸிடம் தன்னை அடையாளம் காட்டும் இனிஷியேட்டர் பெயர் புதிதாக உருவாகிவிடும். பழைய பெயரைத் திரும்பப் போடாவிட்டால் நாஸ் உள்ளே விடாது. ஸ்டோரேஜுக்கு வைக்கும் பெயரும் எழுத்து பிசகாமல் பழையதாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு விஎம்மின் அமைப்பிலும் டிஸ்க் வரி அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது.

சும்மா சோதிக்க 100 என்ற எண்ணில் புது விஎம் உருவாக்கிவிட்டு அழிப்பவர்கள் உண்டு. அழிக்கும் பெட்டியில், இணைக்கப்படாத டிஸ்க்குகளையும் நீக்கு என்ற தேர்வை டிக் செய்தால், நாஸில் அதே எண்ணில் இருக்கும் பழைய எடைமேடை டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். சோதனைக்கு 900-க்கு மேல் எண் கொடுங்கள்.

பழைய எஸ்எஸ்டியை வேறொரு பெட்டியில் மாட்டிப் பூட் செய்ய நேர்ந்தால் நெட்வொர்க் வயர் வேண்டாம். தானாகத் தொடங்கும் விஎம்கள் எழுந்து, இரண்டு சர்வர்கள் ஒரே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்தால் டேலி கம்பெனி டேட்டாவை மீட்கப் பேக்கப்தான் கதி.