மண்டபம் முகாம்: இங்கேயே இருப்பதா, ஊர் திரும்புவதா?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களை வெள்ளைக்காரன் காலத்தில் தங்கவைத்த இடம் மண்டபம் முகாம். இலங்கைப் போரால் அகதிகளாக வந்து இன்று அங்கே இருக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வழிகள்தான்: இங்கேயே இருந்து இந்தியக் குடியுரிமைக்கு முயல்வது, இல்லையென்றால் முறைப்படி ஊர் திரும்புவது.

இருப்பதென்றால் எல்லாமே பிறந்த தேதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியர். 1986-ல் இதே முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியர் என்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். 1984-ல் முகாமில் பிறந்த அம்மா இந்தியர். 2003-ல் பிறந்த மூத்தவனும் இந்தியன். அப்பா விசா இல்லாமல் படகில் வந்தவர், அதனால் 2007-ல் பிறந்த இளையவன் இந்தியன் இல்லை. ஒரே பாயில் படுத்து வளர்ந்த அண்ணன் தம்பிக்கு இந்த நிலை வந்தது பெரிய அநியாயம்.

அப்பா விண்ணப்பித்து வாங்கலாமா என்றால், அந்தக் கதவும் சாத்தியிருக்கிறது. சட்டவிரோதக் குடியேறி விண்ணப்பிக்க முடியாது; சில நாட்டவருக்கு அதில் விலக்கு தந்த 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2025-ல் வந்த விலக்கு ஆணை கொஞ்சம் ஆறுதல்: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லையென்று வழக்குப் பாயாது. ஆனாலும் அது குடியுரிமை ஆகாது.

திரும்புவதில் சட்டச் சிக்கல் குறைவு. இலங்கைக் குடியுரிமை பெற்றோர் வழி வருவது. இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்று வாங்கலாம். அப்புறம் பயண ஆவணம், இந்திய அரசின் வெளியேறும் அனுமதி. சிக்கல் வேறிடத்தில்: அங்கே நிலமும் வேலையும் இருக்கிறதா, இங்கே படித்த பிள்ளை அங்கே எதைத் தொடர்வான்?

என் கணிப்பு இது. இளையவனுக்கு உடனே இலங்கைச் சான்று வாங்குங்கள். போனாலும் இருந்தாலும் கையில் ஒரு நாடு வேண்டும். அம்மாவும் மூத்தவனும் அவசரப்பட்டு இலங்கைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், இந்திய உரிமை பறிபோகலாம். முதலில் வக்கீலைப் பாருங்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். அனுமதியில்லாமல் ராத்திரிப் படகில் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது இரண்டு கரையிலும் குற்றம்.