கேஎல்–பினாங்கு காதல்: பஸ்ஸா, ரயிலா, விமானமா, இல்லை ஈப்போவா?

நான் கோலாலம்பூரில் (கேஎல்) கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் காதலர் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். நடுவில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மூன்று வருடமாக இந்தத் தூரத்தை எல்லா வழியிலும் கடந்து பார்த்தாகிவிட்டது. எது மலிவு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் போடும் கணக்கு வேறு: செலவழித்த காசுக்கு இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை மணி நேரம் விழித்திருந்தோம்?

இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது இரவு பஸ். முதல் வருடம் அதுதான் எங்கள் வாகனம். டிக்கெட் 40 வெள்ளி (ரிங்கிட்) சுமாருக்கு, கேஎல்லின் பண்டார் தாசிக் செலாத்தானில் ஏறினால் ஐந்து மணி நேரத்தில் பினாங்கின் சுங்கை நிபோங் பஸ் நிலையம். தங்கும் செலவும் மிச்சம், பஸ்ஸிலேயே தூங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாலே முக்காலுக்கு இறக்கிவிட்டார்கள். அவருக்கு நைட் ஷிஃப்ட், ஏழு மணிக்குத்தான் முடியும். பையை மடியில் வைத்துக்கொண்டு நிலையத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஏழே முக்காலுக்கு வந்தார், கண் இரண்டும் மிளகாய்ப் பழம். மாமாக் என்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பசியாறப் போனோம். ரொட்டி சானாய் வருவதற்குள் தே தாரிக் கிளாஸைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். நான் கிளாஸை மட்டும் மெதுவாக உருவி வைத்தேன். பிறகு பார்த்தால் நானும் மேசையில் தலை சாய்த்திருக்கிறேன். கடைக்காரத் தம்பி வந்து, "அக்கா, ரொட்டி ஆறிப்போச்சு லா" என்றான். 80 வெள்ளி போய்வர, பத்து மணி நேரம் ரோட்டில். அந்த நாள் முழுக்க நாங்கள் உருப்படியாகப் பேசியது இரண்டு மணி நேரம் இருக்குமா, சந்தேகம்தான்.

ஆனால் பஸ்ஸை முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். பகல் பஸ் என்றால் கதை மாறிவிடும். சுங்கை நிபோங் தீவுக்குள்ளேயே இருக்கிறது, அவர் வீட்டுக்குப் பக்கம். ரயில் அப்படியில்லை. ஈடிஎஸ் ரயில் கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், டிக்கெட் 60 முதல் 80 வெள்ளி. சீட் நல்லது, நேரம் தவறாது, கழிவறை உண்டு (பெண்கள் இதைக் கணக்கில் சேர்ப்பார்கள், ஆண்கள் சேர்ப்பதில்லை). ஆனால் அது நிற்பது தீவுக்கு எதிரே பெருநிலத்தில். அப்புறம் ஃபெரி பிடித்து ஜார்ஜ்டவுன், அங்கிருந்து ரேப்பிட் பினாங்கு பஸ்ஸில் பாயான் லெப்பாஸ். சனிக்கிழமை நெரிசலில் அதுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். ஆக வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு என்று பார்த்தால் பகல் பஸ்தான் ஜெயிக்கிறது, அதுவும் பாதிச் செலவில். உங்கள் ஆள் பட்டர்வொர்த்திலோ பிறையிலோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான்.

விமானம்? பறப்பது ஒரு மணி நேரம், விமான நிலையமும் பாயான் லெப்பாசிலேயே இருக்கிறது. ஆனால் சலுகை டிக்கெட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. கேஎல் சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு எக்ஸ்பிரஸ் ரயிலில் போனாலே ஒரு வழிக்கு 55 வெள்ளி. அவருக்கு டெங்கி வந்தபோது ஒரு தடவை பறந்தேன். அந்த மாதிரி நாளுக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

கார் என்றால் பெட்ரோல், டோல், பாலத்துக்குத் தனி டோல். தனியாக ஓட்டுகிறவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் படுக்கத்தான் தோன்றும். நாலு பேர் பங்கு போட்டால் சரி. மோட்டார் சைக்கிளுக்கு நெடுஞ்சாலையில் டோல் இல்லை, பினாங்குப் பாலத்திலும் 2019 முதல் இல்லை. அதனால் எல்லாவற்றையும்விட மலிவு அதுதான். ஒரு முறை அவர் தன் சின்ன மோட்டார் சைக்கிளான கப்சாயில் கேஎல் வரை வந்தார், தாப்பாவில் பிடித்த மழை தஞ்சோங் மாலிம் வரை விடவில்லை. நனைந்த கோழி மாதிரி வாசலில் நின்றவரைப் பார்த்து அழுதேன், திட்டினேன். அந்த வழி எங்கள் ஒப்பீட்டில் இல்லை.

இனி ஈப்போ, அதாவது நடுவழியில் உள்ள அந்த ஊரில் இருவரும் சந்திப்பது. இது எங்களுக்குத் தோன்றியதே அவருடைய ஷிஃப்ட் அட்டவணையால்தான். நாலு நாள் வேலை, இரண்டு நாள் லீவு. ஆறு நாளுக்கு ஒரு சுற்று என்பதால் லீவு வாரத்துக்கு வாரம் ஒரு நாள் முன்னால் நகரும். காலண்டரை வைத்து எண்ணினேன். ஞாயிறு–திங்கள், அடுத்து சனி–ஞாயிறு, அடுத்து வெள்ளி–சனி. மூன்று வாரம் தொடர்ந்து என் சனி, ஞாயிறு லீவோடு அது உரசும், பிறகு மூன்று வாரம் சுத்தமாக வறட்சி. மூன்றில் ஒன்றுதான் முழு வார இறுதி, மற்ற இரண்டும் ஒற்றை நாள். அந்த ஒற்றை நாளுக்காக ஒருவர் முழுத் தூரமும் போய்வந்தால் நாளில் பாதி பயணத்திலேயே கரையும். ஈப்போ எனக்கு இரண்டரை மணி நேரம், அவருக்குப் பட்டர்வொர்த்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டாரை ஃபெரியில் ஏற்றி வந்து ஸ்டேஷன் பக்கத்தில் விட்டுவிட்டு ஏறுவார். இருவர் டிக்கெட்டும் சேர்த்தால் ஒருவர் முழுத் தூரம் ரயிலில் போய்வரும் செலவுதான் ஆகிறது. யாரும் தூங்கி வழியவில்லை. காலை பத்து முதல் சாயங்காலம் ஆறு வரை, எட்டு மணி நேரம் முழுசாக.

இன்னொரு லாபமும் உண்டு, அதைக் கல்யாணமாகாதவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள்: இரவு தங்க வேண்டாம். "எங்கே தங்கினே?" என்ற கேள்வியே வராது. பினாங்கு போனால் பிறையில் சித்தி வீட்டில்தான் தங்கல். சித்தி தங்கமானவர், ஆனால் அவர் வைக்கும் மீன் குழம்புக்கும் விசாரணைக்குமே அரை நாள் போய்விடும்.

ஈப்போவில் என்ன செய்கிறோம்? பெரிதாக ஒன்றுமில்லை. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, கிந்தா ஆற்றோரம் நடை, ஒரு வெள்ளைக் காப்பி. 1917இல் கட்டிய அந்த வெள்ளை ஸ்டேஷனுக்கு முன்னால் ஈப்போ மரம் ஒன்று நிற்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த மரம், அதன் பாலை ஒராங் அஸ்லி பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்புக்கு விஷமாகத் தடவுவார்களாம். ரயிலுக்குக் காத்திருக்கையில் அங்கேதான் நிற்போம். "சண்டை போடணும்னா இங்கேயே போட்டுக்கலாம், மருந்து பக்கத்திலேயே இருக்கு" என்பார்.

வறட்சி வாரங்களுக்கு வீடியோ காலா, குரல் பதிவா என்றால் எனக்குக் குரல் பதிவுதான். வீடியோவில் அவர் களைப்பு எனக்குத் தெரியும், என் எரிச்சல் அவருக்குத் தெரியும், பேச்சு அதிலேயே போய்விடும். பதிவை அவர் ஓய்வு நேரத்தில் கேட்பார், நான் எல்ஆர்டி ரயிலில் கேட்பேன்.

பணத்தில் முதலில் 'போகிறவர் கட்டுவது' என்று வைத்திருந்தோம். யார் அதிகம் வந்தார்கள் என்ற சண்டைக்கு அது நேர் வழி. இப்போது சம்பளம் போட்ட அன்றே இருவரும் ஒரே கணக்கில் போடுகிறோம், யார் பயணம் செய்தாலும் அதிலிருந்து எடுக்கிறோம். ஓவர்டைம் கிடைத்த மாதம் அவர் கூடப் போடுவார்.

கடைசியாக முயன்றது லீவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்குச் சட்டப்படி ஆண்டு லீவு குறைந்தது 8 நாள்தான். ஊர் விடுமுறைகளும் பொருந்தாது. எனக்கு பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், அவருக்கு ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம். தைப்பூசம் இரண்டு ஊரிலும் லீவுதான், ஆனால் அன்று அவர் அம்மாவோடு தண்ணீர்மலை, நான் அப்பாவோடு பத்துமலை. அதனால் 2023 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தைப் பிடித்தேன். வேலை செய்யும் நேரத்தையோ இடத்தையோ மாற்றக் கேட்டு எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு திங்கள் மட்டும் வெளியிலிருந்து வேலை செய்கிறேன் என்று கேட்டேன். அது எந்தத் திங்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மாதம் கழித்துச் சரி என்று பதில் வந்தது.

சித்தியிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமைக்கும் சேர்த்து மீன் வாங்கப் போகிறாராம்.